தராசுக்குப் பக்கத்திலேயே மெலிந்து போனவர்

(புதுவையில் சமுதாய இளைஞர்களும் வணிகர்களும் கலந்து கொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

வழக்கமாக இந்த மேடையில் நான் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவேன், வக்ஃபு சொத்தைப் பற்றிப் பேசுவேன். அதை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக் கொள்ளுங்கள். இன்று ஒரு தராசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் வாப்பா வெங்காய மண்டி வைத்திருந்தார். மூட்டையை அப்படியே ஏற்றி எடை போடுகிற இரும்பு மேடைத் தராசு கடை வாசலிலேயே கிடக்கும். லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் அதில் ஏற்றாமல் உள்ளே விடமாட்டார். அரைக் கிலோ குறைந்தாலும் நாசிக்குக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார். அவருக்கு 2009இல் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்தது. நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைத்த அதே கன்னம். ஆபரேஷன் செய்தார்கள், கரண்ட் வைத்தார்கள். அல்லாஹ்வின் கிருபையால் கட்டி போய்விட்டது. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த அன்று தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தோம்.

கையில் ஒரு காகிதம் கொடுத்து அனுப்பினார்கள். இத்தனை மாதத்திற்கு ஒரு முறை வர வேண்டும், எடையைப் பார்த்துக் குறித்து வர வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டு முறை போனோம். பிறகு ரமலான் வியாபாரம் வந்தது, தங்கையின் நிக்காஹ் வந்தது. 'நல்லாத்தானே இருக்கார்' என்று விட்டுவிட்டோம். காகிதம் கல்லாப்பெட்டியின் அடியில் மடங்கிக் கிடந்தது.

வாப்பா வழக்கம் போல் கடையில் அந்தத் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கைலியைக் கட்டும்போது ஒரு சுற்று கூடுதலாக வருகிறது என்று அவரே ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். நாங்களும் சிரித்தோம். விரல் மோதிரம் ஒளுச் செய்யும்போது கழன்று விழுந்தது. நூலைச் சுற்றிப் போட்டுக் கொண்டார். நோய்க்கு முன் 68 கிலோ. சிகிச்சை முடிந்தபோது 61. ஒன்றரை ஆண்டு கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் எடை பார்த்தார். 49!

சகோதரர்களே! ஒன்றரை ஆண்டுகளில் 12 கிலோ. ஒரு சின்ன வெங்காய மூட்டை அளவு மனிதன் எங்கள் கண் முன்னால் காணாமல் போயிருக்கிறான். அந்த இடைவெளியில் அந்தத் தராசில் எத்தனை ஆயிரம் மூட்டை ஏறியிருக்கும்? என் வாப்பா ஒரு முறை கூட ஏறவில்லை. ஏறச் சொல்ல நாங்கள் ஆறு பிள்ளைகள் இருந்தோம், ஒருவருக்கும் தோன்றவில்லை. மீண்டும் அவர் எழுந்து நடக்கவே இல்லை. நெஞ்சுச் சளி பிடித்து மௌத்தானார். கட்டி கடைசி வரை திரும்பி வரவில்லை. டாக்டர் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது: 'உங்கள் அப்பாவைப் புற்றுநோய் கொல்லவில்லை, தம்பி. உடம்பில் சதை இல்லை, அதுதான்.'

ஆஸ்பத்திரி மீது நான் குறை சொல்ல முடியாது. காகிதம் கொடுத்தார்கள். நாங்கள்தான் படிக்கவில்லை.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்?

வயது ஏற ஏற மனிதன் தசையை இழக்கிறான். அறுபதைத் தாண்டியவர் பத்து நாள் படுக்கையில் கிடந்தால், இளைஞன் இழப்பதைவிட அதிகமாக இழப்பார். திரும்பப் பெறுவதோ மிகக் கடினம். புற்றுநோய் வந்தவருக்கு இது இரட்டிப்பு. நோயே உடம்பின் சதையை உருக்குகிறது. மருந்து பசியைக் கெடுக்கிறது. வாயிலும் தொண்டையிலும் கரண்ட் வைத்தவருக்கு உமிழ்நீர் சுரப்பது குறைந்து விடுகிறது. சோறு மரத்தூள் மாதிரி ஒட்டிக் கொள்ளும். ருசி தெரியாது. விழுங்கினால் புரையேறும். சிகிச்சை முடிந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்க, இந்தத் தொல்லை இருக்கும். வெட்கத்தால் சபையில் சாப்பிடமாட்டார். கல்யாண விருந்தில் 'எனக்குப் பசியில்லை' என்பார். நாமும் நம்பிவிடுவோம்.

சதை போனால் என்ன ஆகும்? கால் பலமிழந்து விழுவார். இருமித் துப்பும் சக்தி இல்லாமல் சளி தங்கும். புண் ஆறாது. நோய் மீண்டும் வந்தால் அடுத்த மருந்தைத் தாங்கமாட்டார். டாக்டரே அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். இதைத்தான் எடை நமக்கு முன்கூட்டியே சொல்கிறது. முயற்சி செய்யாமலேயே ஆறு மாதத்திற்குள் எடையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் அது எச்சரிக்கை என்பது உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. வியாபாரிகளுக்கு நான் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. என் வாப்பாவுக்கு 61இல் 3 கிலோ குறைந்த மாதத்திலேயே மணி அடித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. பருமனாக இருப்பவர் மெலிந்தால் நாம் பாராட்டுகிறோம். 'ஆள் சிலிம்மா ஆயிட்டீங்க பாய்!' என்கிறோம். அறுபது வயதுக்காரர் காரணமில்லாமல் மெலிந்தால் பாராட்டாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுபோல் காலிலும் வயிற்றிலும் நீர் கோர்த்திருந்தால் தராசு பொய் சொல்லும். எடை ஏறியது மாதிரி காட்டும், உள்ளே சதை கரைந்து கொண்டிருக்கும். ஆகவே தராசு மட்டும் போதாது, தையல்காரர் டேப்பும் வேண்டும். கெண்டைக்கால் எங்கே தடிமனோ அங்கே சுற்றி அளந்து பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவனியுங்கள். ஜவுளிக்கடைக்காரர்கள் இந்த அவையில் நிறைய இருக்கிறீர்கள். டேப் எல்லோர் கழுத்திலும் தொங்குகிறது.

துலூஸிலிருந்து வந்த கேள்வித்தாள்

நமது ஊருக்கும் பிரான்சுக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குத் தெரியும். நம் தெருக்களில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் 'உயிரோடு இருக்கிறார்' என்ற சான்றை அனுப்பினால்தான் பென்ஷன் வரும். அந்தச் சான்றுக்கு மகன், மருமகன், பேரன் எல்லோரும் ஓடுகிறார்கள். ஓடட்டும், தவறில்லை. அதே பிரான்சின் துலூஸ் நகரத்து முதியோர் மருத்துவர்கள் மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1990களில் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். முதியவருக்குச் சத்துக் குறைவு இருக்கிறதா என்று ரத்தம் எடுக்காமலேயே கண்டுபிடிக்கும் தாள். இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதன் சுருக்க வடிவில் ஆறே கேள்விகள். மூன்று மாதமாகச் சாப்பாடு குறைந்திருக்கிறதா? எடை குறைந்ததா? எழுந்து நடமாடுகிறாரா? இந்த மூன்று மாதத்தில் பெரிய நோயோ மனத்துயரமோ வந்ததா? ஞாபக மறதி, மனச்சோர்வு உண்டா? ஆறாவது, உயரத்துக்கேற்ற எடை. அது தெரியாவிட்டால் நான் சொன்ன கெண்டைக்கால் அளவு. மொத்தம் 14 மதிப்பெண். 12ம் அதற்கு மேலும் என்றால் கவலையில்லை. 8 முதல் 11 வரை ஆபத்தின் விளிம்பு. 7ம் அதற்குக் கீழும் என்றால் சத்துக் குறைவு வந்துவிட்டது.

இதில் என்னைக் குத்திய விஷயம் ஒன்று உண்டு. எடை குறைந்ததா என்ற கேள்விக்குக் குறையவில்லை என்றால் 3 மதிப்பெண். 'தெரியாது' என்றால் 1தான். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதையே ஆபத்தின் பக்கம் சேர்த்து வைத்திருக்கிறார்கள்! நம் வீடுகளில் எத்தனை பேரால் 'தெரியாது' என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியும்?

ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும்

நோயாளியை நலம் விசாரிப்பது நமக்குக் கடமை. என்ன வாங்கிப் போகிறோம்? ஒரு கிலோ ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். வாய் வெந்து கிடப்பவருக்கு ஆரஞ்சுச் சாறு நெருப்பு! வீட்டுக்கு வந்த பேரப்பிள்ளைகள்தான் அதை உரித்துத் தின்பார்கள். அடுத்த முறை ஒரு டஜன் முட்டை வாங்கிப் போங்கள். கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? முதியவருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் குறைந்தபட்சம். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு ஒன்றரை கிராம் வரை கொடுக்கலாம் என்கிறார்கள். 50 கிலோ உம்மாவுக்கு 50 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம். அரை லிட்டர் பாலில் 16. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 18. வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை, மத்தியும் நெத்திலியும் போதும், பெரிய மார்க்கெட்டில் விலை கேட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணம் பருப்பில் 6. சோறு தரும் பத்தைச் சேர்த்தால் அறுபதைத் தாண்டிவிட்டோம். மொத்தமாக ஒரு வேளையில் முடியாது. ஐந்து, ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே மருந்து இருக்கிறது. நோன்புக் கஞ்சியைப் பாருங்கள். அரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால். விழுங்க முடியாதவருக்கு இதைவிடத் தோதான உணவு எது? மிளகாயைக் குறைத்து, கறியையும் பருப்பையும் இரண்டு மடங்கு கூட்டி, நன்றாக மசித்துக் கொடுங்கள். ரமலானில் மட்டும்தான் காய்ச்ச வேண்டும் என்று யார் சொன்னது? நோயாளிக்கும் துக்கத்தில் இருப்பவருக்கும் வாற்கோதுமைக் கஞ்சி கொடுக்கச் சொல்லும் வழக்கம் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு இருந்ததாக புகாரியில் பதிவாகியிருக்கிறது. பசியற்றவனுக்குக் கெட்டிச் சோற்றை நீட்டாமல் இளகிய உணவைக் கொடு என்ற நுணுக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். நம் உம்மாக்கள் கடைசியில் சாப்பிடுகிறவர்கள். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மீன் துண்டு போன பிறகு சட்டியில் இருக்கும் குழம்புதான் அவர்களுக்கு. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் செய்துகொண்ட பெண், பதினைந்தாம் நாள் அடுப்படியில் நிற்கிறாள். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில ஹார்மோன் மாத்திரைகள் எலும்பின் பலத்தைக் குறைக்கும். அதையும் சோதிக்க வேண்டும் என்று அவள் கணவனுக்குத் தெரியுமா? கேட்டால் 'அவளைத்தான் கேக்கணும்' என்பான்.

எடையோடு இன்னும் சிலவற்றையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. கழுத்தில் கரண்ட் வைத்தவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் தைராய்டு சுரப்பு குறைகிறது. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை வரும். வயசு ஆயிடுச்சு என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆறு மாதத்திற்கோ ஆண்டுக்கோ ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அவர்கள் பல் பிடுங்கும் முன் 'தாடையில் கரண்ட் வைத்திருக்கிறது' என்று பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் புரையோடும் ஆபத்து உண்டு. இரைப்பையை முழுதாக எடுத்தவருக்கு பி12 ஊசி ஆயுளுக்கும் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடும் முதியவர் சாப்பாடு குறைந்து மெலிந்துவிட்டால் பழைய அளவு மாத்திரையே அவரைக் கீழே தள்ளிவிடும்.

மார்க்கத்தின் பெயரால் பட்டினி

இதை நான் ஆலிம் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். கீமோ சிகிச்சையில் இருப்பவர், 45 கிலோவுக்கு இறங்கிவிட்டவர், இன்சுலின் போடும் எண்பது வயது மூதாட்டி எல்லோரும் ரமலானில் நோன்பு வைக்கிறார்கள். பிள்ளைகள் பெருமையாக என்னிடம் சொல்கிறார்கள்: 'ஒரு நோன்பு கூட விடல ஹஜ்ரத்!' எனக்குப் பெருமையாக இல்லை, பயமாக இருக்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்துவிட்டான். குணமாகக் கூடியவர் பிறகு களாச் செய்யட்டும். குணமாக வாய்ப்பில்லாத நோயாளியும் தள்ளாத முதியவரும் நாளைக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) என்ற வாலிபரையே, உடம்புக்கும் உரிமை உண்டு என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாலிபருக்கே அப்படியென்றால் நோயாளிக்கு? அல்லாஹ் கொடுத்த சலுகையை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்?

இன்னொரு கூட்டம், பட்டினி போட்டால் கட்டி செத்துவிடும் என்கிறது. இனிப்பை நிறுத்து, பாலை நிறுத்து, கறியை நிறுத்து என்று செல்போனில் செய்தி அனுப்புகிறது. கட்டி பட்டினியால் சாகாது. மனிதன்தான் முதலில் சாவான். கருஞ்சீரகத்தைக் காட்டி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவம் செய்து கொள்ளச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தானே! சாப்பிடுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், சிகிச்சையை விடாதீர்கள். தாயத்துக் கட்டுகிறவரைப் பற்றி இங்கே பேசி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

ஆஸ்பத்திரிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. அங்கே வட்டாரப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பாதி மாவட்டங்களிலிருந்து அங்கே வந்து வரிசையில் நிற்கிறார்கள், நமக்கு அது டவுன் பஸ் தூரம். 70 வயதைத் தாண்டிய எவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் திட்டத்தை 2024 அக்டோபர் 29இல் மத்திய அரசு தொடங்கியது. ஆதாரைக் கொண்டு அட்டை எடுத்து வையுங்கள். ஆனால் அந்த அட்டை ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு. வீட்டில் முட்டை வேகவைத்துக் கொடுப்பதற்கும், மாதம் ஒரு முறை தராசில் ஏற்றுவதற்கும் எந்த அரசும் அட்டை தராது.

அதற்கு ஒரு முன்மாதிரி நம் மாநிலத்து மாஹேயிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். நோயாளி மையத்தைத் தேடி வருவது போதாது, ஊரே நோயாளி வீட்டைத் தேடிப் போக வேண்டும் என்று அது சில ஆண்டுகளில் மலப்புறத்தில் வளர்ந்தது. கல்லூரி மாணவனும் கடைக்காரனும் ஆசிரியரும் பயிற்சி பெற்றுத் தொண்டர்களாகி, நர்ஸோடு வீடு வீடாகப் போகிறார்கள். பணம் பெரும் கோடீஸ்வரர்களிடமிருந்து அல்ல; கடைகளில் வைத்த பெட்டிகளில் விழும் சில்லறையும் அதில் உண்டு. 2008இல் கேரள அரசே அதைக் கொள்கையாக அறிவிக்கும் அளவுக்கு வளர்ந்தது. மலப்புறத்து முஸ்லிமால் முடிந்தது முல்லா வீதிக்காரனாலும் சுல்தான்பேட்டைக்காரனாலும் முடியாதா?

நாம் அவ்வளவு பெரிதாகத் தொடங்க வேண்டாம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள். ஒரு நோட்டு, ஒரு டேப், ஒரு எடைக்கருவி. 60 வயதைக் கடந்தவர்கள், புற்றுநோய் வந்து மீண்டவர்கள் வீடுகளுக்கு மாதம் ஒரு முறை. அதே கருவி, ஏறக்குறைய அதே நேரம், செருப்பில்லாமல். பெண்களுக்குப் பெண்கள்தான் போக வேண்டும். மதரஸாவில் ஓதி முடித்த நம் சகோதரிகள் ஐந்து பேர் முன்வந்திருக்கிறார்கள். நூற்றுக்கு 5 குறைந்தால் அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துச் செல்வது, ஏழை வீடாக இருந்தால் பாலுக்கும் முட்டைக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுப்பது. அவ்வளவுதான் வேலை. நீங்கள் டாக்டர் ஆகிவிடாதீர்கள், மருந்து சொல்லாதீர்கள். யாருக்கு என்ன நோய் என்பது அமானிதம். 'இன்னாருக்கு எடை குறைந்துவிட்டது, துஆச் செய்யுங்கள்' என்று பள்ளிவாசல் மைக்கில் அறிவித்துவிடாதீர்கள். நம் ஆட்கள் செய்யக்கூடியவர்கள், அதனால்தான் சொல்கிறேன்.

வாப்பாவின் மண்டியை என் காக்கா இப்போது நடத்துகிறார். அந்த மேடைத் தராசு துருப்பிடித்து, போன வருடம் எடைக்குப் போட்டுவிட்டார். எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உம்மாவைக் கடைக்கு அழைத்துப் போய் அதில் ஏற்றி நிறுத்தினேன். 'என்னை என்ன வெங்காயம்னு நெனச்சியாடா?' என்று திட்டினார்கள். 47 கிலோ 200 கிராம். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மற்றப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. நோட்டு இந்த மேசை மேல்தான் இருக்கிறது. இஷா தொழுதுவிட்டு வந்து தெருப் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.